மாட்டுத் தீவனத்தில் கல் மாவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் மாடு, ஆடு, கோழி வளர்க்கிறவர்களோடு பேச்சுக் கொடுத்தால் எப்படியும் கல் மாவில் வந்து நிற்கும். சுண்ணாம்புக்கல், இந்துப்பு, டோலமைட், பாறை பாஸ்பேட் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். சந்தேகங்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

கல்லைப் பொடி பண்ணி மாட்டுக்குக் கொடுக்கறதா? நெசமாவே அப்படிச் செய்றாங்களா?

செய்கிறார்கள். நீங்கள் கடையில் வாங்கும் மூட்டைத் தீவனத்திலேயே பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மாவு இருக்கும். 1 லிட்டர் பசும்பாலோடு சுமார் 1.2 கிராம் கால்சியமும், 1 கிராமுக்குச் சற்றுக் குறைவான பாஸ்பரசும் வெளியே போகின்றன. 10 லிட்டர் கறக்கிற மாடு தினமும் 12 கிராம் கால்சியத்தைப் பால் கேனில் விட்டுவிடுகிறது. வைக்கோலில் கால்சியம் குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கரையவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பற்றாக்குறையை மாடு தன் எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். எத்தனை நாளைக்குத்தான் சமாளிக்கும்?

ஆகவே கல் மாவு கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் கல்லில் சத்து இருப்பது வேறு, அது மாட்டின் வயிற்றில் கரைந்து இரத்தத்தில் சேர்வது வேறு. எந்தக் கல்லைப் பற்றி யார் சொன்னாலும் இரண்டு விஷயத்தைக் கேளுங்கள்: இது வயிற்றில் கரையுமா? இதோடு கூட என்ன சேர்ந்து வருகிறது? கீழே உள்ள பதில்கள் பலவும் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

அப்ப எந்தக் கல்லை நேரடியா கொடுக்கலாம்?

நல்ல தரமான சுண்ணாம்புக்கல் மாவையும் உப்பையும் நேரடியாகக் கொடுக்கலாம். மற்றவற்றில் சில, சூளையிலோ ஆலையிலோ பக்குவப்பட்ட பிறகே தீவனத்துக்கு வரத் தகுதியானவை. சில வரவே கூடாதவை. கருங்கல் குவாரித் தூளில் "எல்லாத் தாதும் இருக்கு" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கருங்கல்லில் பெரும்பகுதி சிலிக்கா. அது எந்த வயிற்றிலும் கரையாது, பல்லைத் தேய்ப்பதுதான் மிச்சம்.

சுண்ணாம்புக்கல் மாவும் வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பும் ஒண்ணுதானே?

இல்லை. வெட்டி எடுத்த கல்லை அப்படியே அரைத்தால் கிடைப்பது கால்சியம் கார்பனேட். அதில் காரம் கிடையாது, கையில் அள்ளலாம். அதே கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுப்போகும். வெற்றிலைக்குப் போடுவதும் சுவருக்கு அடிப்பதும் இந்த நீற்றிய சுண்ணாம்புதான். கடும் காரம் உள்ளது. வாய், தொண்டை, இரைப்பை எல்லாவற்றையும் புண்ணாக்கிவிடும். சுட்ட சுண்ணாம்பை மாட்டுக்குக் காட்டவே வேண்டாம்.

எங்க வீட்ல சுண்ணாம்புத் தெளிநீர்தான் ஊத்துவோம். அது போதாதா?

சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். எவ்வளவு அள்ளிப் போட்டாலும் மேலே தெளிந்து நிற்கும் 1 லிட்டர் நீரில் கால்சியம் 1 கிராமுக்கும் கீழேதான். கறவை மாட்டுக்கு அது எந்த மூலைக்கு? 10 லிட்டர் கறக்கும் மாடு பாலில் விடுவதை ஈடுகட்ட மட்டுமே 12 லிட்டருக்கு மேல் தெளிநீர் வேண்டும். அவ்வளவு காரத்தை உள்ளே விடவும் முடியாது. தெளிநீர் ஊற்றுகிற திருப்தியில் தீவனத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை.

சரி, ஒரு மாட்டுக்கு சுண்ணாம்புக்கல் மாவு எவ்வளவு போடணும்?

முதலில் மாடு என்ன சாப்பிடுகிறது என்று பாருங்கள். மூட்டைத் தீவனம் தாராளமாகப் போடுகிறீர்கள் என்றால் அதிலேயே கால்சியம் சேர்த்திருப்பார்கள், தனியாக வேண்டியதில்லை. வைக்கோல், தவிடு, புண்ணாக்கு மட்டுமே என்றால் கட்டாயம் தேவை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்குத் தீவனத்தில் மொத்தம் 50 கிராம் வாக்கில் கால்சியம் வேண்டும். 6 கிலோ வைக்கோலில் 15 கிராம் வரும். 4 கிலோ தவிடும் புண்ணாக்கும் சேர்ந்து 5, 6 கிராம் தந்தால் அதிகம். சுமார் 30 கிராம் துண்டு விழுகிறது. நல்ல சுண்ணாம்புக்கல் மாவில் 36 முதல் 38 சதவீதம் கால்சியம் இருக்கும் என்பதால் 80 கிராம் மாவு போதும். 5 கிலோ குதிரைமசால் என்ற பயறுவகைப் பசுந்தழை போட்டால் அதிலேயே 15 கிராம் வாக்கில் கிடைத்துவிடும், மாவைப் பாதியாகக் குறைக்கலாம். வேலிமசால், அகத்தித் தழைக்கும் இதே கதைதான். தழை கிடைக்கிற வீட்டில் கல் மாவைத் தேடி அலைய வேண்டாம் என்பேன்.

மாவைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் தங்கிவிடும். ஈரமாகப் பிசைந்த அடர்தீவனத்தில் கலந்து இரண்டு வேளையாகக் கொடுங்கள். நிறையக் கொடுத்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். கால்சியம் மிஞ்சினால் துத்தநாகம், மாங்கனீசு போன்றவை உடம்பில் சேருவது குறையும். மாடு தீவனத்தை ஒதுக்கவும் ஆரம்பிக்கும்.

கோலமாவும் வெள்ளைக்கல் மாவுதானே? மலிவா கிடைக்குதே, அதைக் கலக்கலாமா?

வேண்டாம். கடையில் விற்கும் கல் கோலமாவு சுண்ணாம்புக்கல்லாகவும் இருக்கலாம், கால்சியமும் மெக்னீசியமும் கலந்த டோலமைட்டாகவும் இருக்கலாம், வெறும் வெங்கச்சங்கல் (சிலிக்காக் கல்) மாவாகவும் இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

கையில் இருப்பது சுண்ணாம்புக்கல்தானா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு போதும். ஒரு சிட்டிகை மாவில் சாறு விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கி நுரைக்கும். டோலமைட் மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுரைக்கும். வெங்கச்சங்கல் அசையாது. ஆனால் நுரைத்துவிட்டது என்பதற்காக அதில் ஈயம் இல்லை, ஆர்சனிக் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு ஆய்வகம்தான் வழி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. அரியலூர், திண்டுக்கல், விருதுநகர் பக்கமெல்லாம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். சிமென்ட்டுக்கு ஏற்ற கல் எல்லாமே தீவனத்துக்கு ஏற்றதாகிவிடாது. சிமென்ட்டுக்குக் களிமண்ணும் சிலிக்காவும் கலந்திருந்தால் பரவாயில்லை, மாட்டுக்கு அப்படியில்லை.

ரோஸ் கலர் இந்துப்புக் கட்டி தொங்கவிடச் சொல்றாங்க. நம்ம கல்லுப்பைவிட ஒசத்தியா?

இந்துப்பு நிலத்துக்கு அடியில் பாறையாக இருக்கும் உப்பு. பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கம் இதற்குப் பேர்போனது, நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி பக்கம் எடுக்கிறார்கள். அதிலும் 95 சதவீதத்துக்கு மேல் சாதாரண சோடியம் குளோரைடுதான். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் விளைகிற உப்பும் அதேதான். ரோஸ் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. மாடு நக்குகிற அளவில் அந்த இரும்பு கணக்கிலேயே வராது. மண் ஒட்டிய தீவனம் தின்னும் நம் மாடுகளுக்கு இரும்புக் குறைவு பெரும்பாலும் இருப்பதுமில்லை. இரும்பு மிஞ்சினால் தாமிரம் உடம்பில் சேருவதைத்தான் கெடுக்கும்.

கட்டியில் ஒரு வசதி உண்டு. கெட்டியாக இருப்பதால் மாடு தேவைக்கு நக்கும், மழையில் சட்டென்று கரையாது. அந்த வசதிக்காக வாங்கினால் சரி, சத்துக்காக என்றால் வீண் செலவு. கறவை மாட்டுக்குத் தினம் 30 கிராம் வாக்கில் உப்பு அடர்தீவனத்திலேயே கலந்துவிடலாம். எந்த உப்பானாலும் குடிதண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் உப்பு மட்டும் உள்ளே போனால் அதுவே விஷமாகும்.

மாடு தானாவே சுவத்தை நக்குது, மண்ணு திங்குது. தனக்கு வேணும்கிறது அதுக்குத் தெரியாதா?

உப்பைப் பொறுத்தவரை தெரியும். சோடியம் குறைந்தால் உப்பைத் தேடிப் போகும் உணர்வு மாட்டுக்கும் ஆட்டுக்கும் காட்டு யானைக்கும் உண்டு. காட்டில் உவர்மண்ணைத் தேடிப் போய்த் தின்பது அதனால்தான். கால்சியம், துத்தநாகம், தாமிரம் இதற்கெல்லாம் அப்படிப்பட்ட நம்பத்தகுந்த உணர்வு கிடையாது. நாலு கட்டியைத் தொங்கவிட்டால் மாடு தேவையானதைத் தேர்ந்துகொள்ளும் என்பது ஆசைதான்.

பாஸ்பரஸ் குறைந்தால் மாடு எலும்பு, துணி, செருப்பு என்று கண்டதையும் மெல்லும். சுமார் நூறு வருஷத்துக்கு முன் தென்னாப்பிரிக்காவில் கூட்டம் கூட்டமாக மாடுகள் கால் விழுந்து செத்தன. ஆர்னால்டு தெய்லர் என்ற கால்நடை விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்தார். அங்கே மேய்ச்சல் புல்லில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதனால் மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடிக் கடித்தன. அந்த எலும்போடு ஒட்டியிருந்த கிருமி நஞ்சுதான் கொன்றது. உங்கள் மாடு எலும்பு கடித்தாலோ மூத்திரத்தை நக்கினாலோ கட்டியைத் தொங்கவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். முதலில் குடற்புழு மருந்து, அடுத்து தாது உப்புக் கலவை, அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவர்.

பாஸ்பரஸ் வேணும்னா உரக்கடையில பாறை பாஸ்பேட் மலிவா கெடைக்குதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். பாறை பாஸ்பேட்டைத் தீவனத்தில் போடாதீர்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ராவில் வெட்டுவதானாலும் வெளிநாட்டிலிருந்து வருவதானாலும் பாறை பாஸ்பேட்டில் ஃபுளோரைடு சேர்ந்தே இருக்கும், பொதுவாக 3 முதல் 4 சதவீதம். 3.5 சதவீதம் என்று வைத்தால், தினம் 50 கிராம் கொடுக்கும்போது 1,750 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போகிறது. மாடு ஒரு நாளில் உலர் எடையில் 10 கிலோ தின்கிறது என்று வையுங்கள். கிலோவுக்கு 175 மில்லிகிராம் ஆகிறது. மாடு தாங்குவதோ கிலோவுக்கு 40 மில்லிகிராம் அளவுதான்.

உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் இதில் ஆபத்து. மாதக்கணக்கில் எலும்பில் சேர்ந்துகொண்டே போகும். கன்றுப் பருவத்தில் சேர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், பல் சீக்கிரம் தேயும். பெரிய மாட்டுக்குக் கால் எலும்பு புடைக்கும், நொண்டும், தீவனம் எடுக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்றும் சேர்த்துப் பெயர் வைத்ததற்குக் காரணம் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் இருக்கும் இதே ஃபுளோரைடுதான். அங்கே மாடு குடிக்கிற போர் தண்ணீரிலேயே ஒரு பங்கு போய்விடுகிறது. அதன்மேல் பாறை பாஸ்பேட்டையும் கொட்டினால் மாடு எப்படித் தாங்கும்? சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கும் இதே பதில்தான்.

டி.சி.பி.யும் அந்தக் கல்லுல இருந்துதானே எடுக்கறாங்க?

ஆமாம், டைகால்சியம் பாஸ்பேட் பெரும்பாலும் பாறை பாஸ்பேட்டிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஆலையில் அமிலத்தில் கரைத்து, ஃபுளோரைடைப் பிரித்துத் தள்ளி, திரும்பப் படிய வைக்கிறார்கள். தீவனத் தரத்து டி.சி.பி.யில் 18 சதவீதம் பாஸ்பரசும் 23 சதவீதம் வாக்கில் கால்சியமும் இருக்கும், வயிற்றில் நன்றாகக் கரையும். ஃபுளோரைடு முழுசாகப் போயிருக்கிறதா என்பதே தரத்துக்கு அடையாளம். விலை ரொம்பக் குறைவாக இருக்கிற டி.சி.பி.யை நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம். தவிடு நிறையப் போடும் வீட்டில் பாஸ்பரஸ் பெரும்பாலும் குறைவதில்லை. அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் 1 சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிரித்துக் கொடுத்துவிடும். அந்த வீட்டில் குறைவது கால்சியம். டி.சி.பி.க்குக் காசு கொடுக்காமல் சுண்ணாம்புக்கல் மாவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சேலத்து மேக்னசைட், டோலமைட் எல்லாம் மெக்னீசியத்துக்கு ஆகுமா?

வெட்டி எடுத்தபடியே என்றால் அவ்வளவாக ஆகாது. டோலமைட்டில் மெக்னீசியம் 10 முதல் 13 சதவீதம் இருந்தாலும் உடம்பில் சேருவது கொஞ்சம்தான். மெக்னீசியம் கார்பனேட்டான மேக்னசைட் கல்லும் அப்படித்தான். மேக்னசைட்டை மிதமான சூட்டில் சுட்டு மெக்னீசியம் ஆக்சைடாக மாற்றினால் மாட்டுக்குப் பயன்படும். கொடுமை என்னவென்றால் சேலத்து மேக்னசைட்டில் நிறைய, உலைச் செங்கலுக்காக மிகக் கடும் சூட்டில் சுடப்படுகிறது. அப்படிச் சுட்டது கல்லைவிட மோசம், வயிற்றில் கரையவே கரையாது. உள்ளூர்ச் சரக்கு என்று அதை வாங்கிக் கலக்காதீர்கள்.

சினை மாட்டுக்குக் கடைசி மாசம் சுண்ணாம்பு மாவு கூட்டிக் கொடுத்தா பால் காய்ச்சல் வராதாமே?

நேர்மாறாக நடக்கும். கன்று ஈன்ற நாளில் சீம்பாலுக்குத் திடீரென்று கால்சியம் வேண்டியிருக்கிறது. சீம்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் உண்டு. அதை எலும்பிலிருந்து உடனே எடுத்துவிடும் சுரப்பி வேலை உடம்பில் தயாராக இருக்க வேண்டும். கடைசி மூன்று வாரம் கால்சியத்தைக் கொட்டினால் அந்த வேலைக்கே தேவையில்லாமல் போகிறது. ஈன்ற அன்று உடம்பு விழித்துக்கொள்வதற்குள் இரத்தத்தில் கால்சியம் இறங்கி மாடு படுத்துவிடும். அதுதான் பால் காய்ச்சல்.

அதனால் கடைசி மூன்று வாரம் சுண்ணாம்புக்கல் மாவை நிறுத்துங்கள், பயறுவகைத் தழையையும் குறையுங்கள். ஈன்ற அன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கி மாடு படுத்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மருத்துவர் வந்து இரத்த நாளத்தில் கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும். அந்த ஊசியை வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும் என்பதால் தெரிந்தவர் கைதான் அதில் பட வேண்டும்.

கெடாவுக்கு மூத்திரம் அடைச்சுக்கிச்சு. சுண்ணாம்பு மாவு கல்லாயிடுச்சுன்னு சொல்றாங்களே?

பெரும்பாலும் குற்றவாளி தவிடுதான். டி.சி.பி. பற்றிய பதிலில் சொன்ன மாதிரி தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியமோ 0.1 சதவீதம் வாக்கில்தான். வளர்ப்புக் கிடாவுக்குத் தவிடும் தானியமும் அள்ளிப் போட்டால் மிஞ்சிய பாஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்கிக் கல்லாகிறது. கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று இருந்தால் இந்தக் கல் உருவாவது குறையும். அதாவது அளவான சுண்ணாம்புக்கல் மாவு இங்கே காவல். தழையை மட்டுமே நிறையத் தின்னும் ஆட்டுக்கு வேறு வகைக் கல் வரலாம், அதற்கு மாவு கூட்டக் கூடாது. மூத்திரம் சொட்டாமல் முக்குகிற கிடாவை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

கோழிக்கு மட்டும் ஏன் மாவா போடாம குருணையா போடறாங்க?

ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில், கோழி தீவனம் எடுக்காத நேரம். மாவு சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணை அரைவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நாமக்கல் பண்ணைகளில் சாயங்காலத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் குருணையோ கிளிஞ்சல் குருணையோ போடுவதற்கு இதுவே காரணம். முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் வேண்டும். அதே தீவனத்தை முட்டைக்கு வராத குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெட்டு உள்ளுறுப்புகளில் யூரேட் என்ற கழிவு உப்பு வெள்ளையாகப் படிந்து செத்துப்போகும். வீட்டுக் கோழியில் தாயும் குஞ்சும் ஒரே தட்டில் தின்னும். அங்கே குருணையைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது நல்லது.

பென்டோனைட்னு ஒரு களிமண் போடச் சொல்றாங்க. மண்ணைப் போய்...?

இது சத்துக்காக இல்லை. கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். அது பாலிலும் இறங்கும். பாலில் இறங்கும் எம்1 வகை அஃப்ளாடாக்சினுக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பென்டோனைட்டின் அடுக்குகள் குடலில் அந்த நஞ்சைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் தீவனத்தில் 2 சதவீதம் வரை அனுமதித்திருக்கிறது. குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மேர் பக்கமிருந்து இது வருகிறது, ஆனால் போர் போடுகிறவர்கள் வாங்கும் பென்டோனைட் தீவனத்துக்கானதல்ல. பூஞ்சை பிடித்த புண்ணாக்கைத் தின்ன வைக்க இது அனுமதிச்சீட்டும் அல்ல, மற்ற பல பூஞ்சை நஞ்சுகளை இது சரியாகப் பிடிக்காது.

ஜிப்சம்?

அதில் கால்சியம் 23 சதவீதம், கந்தகம் 18 சதவீதம் வாக்கில். கந்தகம் மிஞ்சினால் மாட்டின் மூளையே பாதிக்கும். வயலுக்கு வாங்கும் ஜிப்சம் பல நேரம் உர ஆலைக் கழிவு, அதில் ஃபுளோரைடும் ஒட்டியிருக்கும். வயலோடு இருக்கட்டும்.

இவ்வளவும் போட்டா தாது உப்புக் கலவை வாங்க வேண்டாம்தானே?

வேண்டும். சுண்ணாம்புக்கல் கால்சியம் தரும், உப்பு சோடியம் தரும், அவ்வளவுதான். பருவத்துக்கு வருவதற்கும் சினை பிடிப்பதற்கும் குளம்புக்கும் தேவையான துத்தநாகம், தாமிரம், கோபால்ட், அயோடின் இந்தக் கற்களில் போதுமான அளவு இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் மண்ணுக்கும் தீவனத்துக்கும் ஏற்ற கலவையைச் செய்து தருகிறது. கறவை மாட்டுக்குத் தினம் 50 கிராம் போதும். மாட்டுக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள், செம்மறியாடு தாமிரத்தைத் தாங்காது.

கலவை மூட்டையில் ஐ.எஸ். 1664 என்ற தர எண்ணைத் தேடுங்கள். உப்புச் சேர்க்காத வகையில் பாஸ்பரஸ் 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஃபுளோரின் 0.07 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமிலத்தில் கரையாத சாம்பல் என்று ஒரு வரி இருக்கும். மணலும் மாக்கல் பொடியும் கலந்தால் ஏறுகிற எண் அதுதான். அந்த வரியே இல்லாத மூட்டையை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.